சிறுநீரகத் தமனிச் சுருக்கம்: ஸ்டென்ட் யாருக்கு, மாத்திரை மட்டும் யாருக்கு?

#1 பென்னாகரம்_பொதுமருத்துவம்

ஒரு ரிப்போர்ட்டை நடுவில் வைத்துப் பேசலாம் என்று இந்த இழையைத் திறக்கிறேன். பெண், 66 வயது, 52 கிலோ எடை, பழைய சர்க்கரை நோயாளி. அம்லோடிபின் 10, டெல்மிசார்ட்டான் 40, குளோர்தாலிடோன் 12.5, மெட்டோப்ரோலால் 50 என்று நான்கு மாத்திரை ஓடுகிறது. பிரஷர் 184/96. டெல்மிசார்ட்டான் சேர்த்து 12 நாள்தான் ஆகிறது. அதற்கு முன் கிரியேட்டினின் (சிறுநீரக வடிகட்டல் குறைந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவு) 1.5, இப்போது 2.2. பொட்டாசியம் 5.6.

டாப்ளர் (ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் ஸ்கேன்): வலது சிறுநீரகம் 9.9 செ.மீ., இடது 8.4 செ.மீ. இடது தமனியின் தொடக்கத்தில் ரத்த வேகம் நொடிக்கு 310 செ.மீ., மகாதமனியில் 75, விகிதம் 4.1. இடது ரெசிஸ்டிவ் இண்டெக்ஸ் (சிறுநீரகத்துக்குள் ரத்த ஓட்டத்துக்கு இருக்கும் தடையின் அளவு) 0.74. வலது தமனிக்கு நேராக "குறிப்பிடத்தக்க சுருக்கம் காணப்படவில்லை" என்று இருக்கிறது.

இடது பக்கம் ஸ்டென்ட் (தமனியைத் திறந்து வைக்கும் உலோக வலை) வைக்க அனுப்பலாமா? "ஸ்டென்ட்டையும் மாத்திரையையும் ஒப்பிட்ட அஸ்ட்ரல், கோரல் ஆய்வுகள் வந்த பிறகு யாருக்கும் வைக்க வேண்டியதில்லை" என்று ஒரு தரப்பு சொல்கிறது. "விட்டால் கிட்னி சுருங்கிப் போகும்" என்கிறது இன்னொரு தரப்பு.

#2 ஒசூர்_டாப்ளர்

இடது பக்கம் சந்தேகமே இல்லைங்க சார். வேகம் 200ஐத் தாண்டி, விகிதமும் 3.5க்கு மேல போனா 60 சதவீதத்துக்கு மேல சுருக்கம்னு எடுத்துக்கலாம்.

எனக்கு உறுத்தறது வலது பக்கம். "காணப்படவில்லை"ன்னா சுருக்கம் இல்லையா, இல்ல தமனியே தெரியலையா? ரெண்டும் ஒண்ணு இல்லைங்க. குடல்ல காத்து நிறைஞ்சிருந்தா தமனி மகாதமனியிலிருந்து கிளம்பற இடம் திரையில வராது. கொழுப்புப் படிவால வர்ற சுருக்கம் பெரும்பாலும் அந்த முதல் ஒரு சென்டிமீட்டர்லதான் உட்கார்ந்திருக்கும். அங்க பார்க்காம எழுதின ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான்.

சிறுநீரகத்துக்குள்ள இருக்கற கிளைத் தமனியில எடுத்த அலைப்படம் ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கத்துல ஒட்டியிருக்கும். அதுல வலது பக்கம் "ஆக்சிலரேஷன் டைம்", அதாவது அலை ஏற ஆகற நேரம், எவ்வளவுன்னு பாருங்க. 0.07 நொடிக்குள்ள இருக்கணும். அலை கத்தி முனை மாதிரி விருட்டுன்னு ஏறணும். அப்படி இல்லாம மண்மேடு மாதிரி மெதுவா ஏறி மொண்ணையா உருண்டு இறங்கினா, மேல எங்கயோ மடை அடைச்சிருக்குன்னு அர்த்தம். மடையை நேரா பார்க்க முடியலைன்னாலும் வாய்க்கால் கடைசியில வர்ற தண்ணியை வெச்சுச் சொல்லிடலாம்.

#3 பென்னாகரம்_பொதுமருத்துவம்

பார்த்தேன் சார். வலது பக்கம் 0.09 என்று சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அலையும் நீங்கள் சொன்ன மண்மேடு போலத்தான் இருக்கிறது.

#4 ஒசூர்_டாப்ளர்

அப்ப திரும்ப எடுங்க. முந்தின ராத்திரி இட்லியோ இடியாப்பமோ லேசா சாப்பிடட்டும், பயறு வகை வேண்டாம். 8 மணி நேரம் வெறும் வயிறு. காலையில பால் டீ கூடாது, வெத்தலை பாக்கும் கூடாது; மெல்லும்போது காத்தை முழுங்கிடுவாங்க. சர்க்கரை மாத்திரையை ஸ்கேன் முடிஞ்சு சாப்பிடும்போது போட்டுக்கலாம். காலை முதல் ஆளா எடுக்கச் சொல்லுங்க.

மல்லாக்கப் படுத்தா தெரியலைன்னா இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, வலது விலாவுக்குக் கீழேயிருந்து கல்லீரல் வழியா பார்க்கணும். கல்லீரல் நல்ல ஜன்னல், காத்து மறைக்காது. டாப்ளர் கோணம் 60 டிகிரிக்குள்ள இருக்கணும். 70 வெச்சா வேகத்தைக் கூட்டிக் காட்டி, இல்லாத சுருக்கத்தை உண்டாக்கிடும். ரெண்டு தமனிக்கும் சேர்த்து 20, 25 நிமிஷம் ஆகும். வரிசையில இருபது பேர் நிக்கற நாள்ல இது சரியா நடக்காது, தனியா நேரம் வாங்கிக்கங்க.

#5 நெஃப்ரான்

டாப்ளரை விட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 1.5, 2.2. ஏறத்தாழ 47 சதவீத ஏற்றம். டெல்மிசார்ட்டான், எனலாப்ரில் வகை மருந்து தொடங்கினால் கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும்.

ஏன் ஏறுகிறது என்று புரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். தமனி சுருங்கியதும் வடிகட்டிக்கு வரும் அழுத்தம் குறைகிறது. சிறுநீரகம் ரெனினைச் சுரக்க, அதனால் உண்டாகும் ஆஞ்சியோடென்சின் வடிகட்டியிலிருந்து வெளியேறும் குழாயை இறுக்கிப் பிடிக்கிறது. வரத்து குறைந்தாலும் போக்கை இறுக்கி உள்ளே அழுத்தத்தைத் தக்கவைக்கும் ஏற்பாடு அது. டெல்மிசார்ட்டான் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது, வடிகட்டல் விழுகிறது. நாயின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் இறுக்கினால் ரத்த அழுத்தம் ஏறும் என்று கோல்ட்பிளாட் 1934இல் காட்டியதன் தொடர்ச்சிதான் இது.

இப்போது கவனியுங்கள். ஒரு பக்கம் மட்டும் சுருங்கி மறுபக்கம் நன்றாக இருந்தால், நல்ல சிறுநீரகம் ஈடுகட்டிவிடும். கிரியேட்டினின் இவ்வளவு தாவாது. தாவியிருக்கிறது என்றால் இரண்டு தமனியும் சுருங்கியிருக்கலாம், அல்லது ஒரே சிறுநீரகம்தான் உழைத்துக்கொண்டிருக்கலாம். வலது பக்க 0.09ம் அதையேதான் சொல்கிறது.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: டெல்மிசார்ட்டான், குளோர்தாலிடோன் இரண்டையும் நிறுத்துங்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி இருந்ததா, வலி மாத்திரை ஏதும் உள்ளே போகிறதா என்று கேளுங்கள். பொட்டாசியம் 5.6 என்பதால் இன்றே ஒரு ஈசிஜி, இரண்டு மூன்று நாளில் மறுபடி பொட்டாசியம், ஒரு வாரத்தில் கிரியேட்டினின். அதுவரை பிரஷருக்கு பிரசோசின் சேர்த்துக்கொள்ளலாம். முதல் மாத்திரையை இரவு படுக்கும்போது குறைந்த அளவில் கொடுங்கள், எழுந்தால் தலைசுற்றும். நோயாளியின் சீட்டில் "டெல்மிசார்ட்டான் அலர்ஜி" என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். அடைப்பு திறந்த பிறகு அவருக்கு மிகவும் தேவைப்படப்போகும் மருந்து அது.

#6 மாத்திரைபோதும்

நெஃப்ரான் சார் சொன்ன உடலியங்கியல் சரி. ஆனால் ஸ்டென்ட் என்ற முடிவுக்கு அது நேராகக் கொண்டுபோகாது. அஸ்ட்ரல் ஆய்வு, 2009, 806 பேர்: ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் சிறுநீரகச் செயல்பாட்டில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஸ்டென்ட் தரப்பில் 23 பேருக்குக் கடும் சிக்கல். அதில் 2 மரணம், 3 பேருக்கு விரலோ காலோ எடுக்க வேண்டி வந்தது. கோரல் ஆய்வு, 2014இல் வெளியானது, 947 பேர் சேர்க்கப்பட்டார்கள்: மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, மரணம் எல்லாம் சேர்த்து ஸ்டென்ட் தரப்பில் 35.1 சதவீதம், மாத்திரைத் தரப்பில் 35.8 சதவீதம். பிரஷரில் கிடைத்த லாபம் சுமார் 2 புள்ளி.

இரண்டு புள்ளிக்காக 66 வயதுப் பெண்ணின் மகாதமனிக்குள் கம்பி விட வேண்டுமா? உப்பைக் குறைத்தாலே அதைவிட இறங்கும்.

#7 நெஃப்ரான்

எண்கள் சரி. அவற்றைப் பல்லாயிரம் பேருக்குப் பொருத்துவதும் சரி. தற்செயலாக ஸ்கேனில் 60 சதவீதம் என்று வந்து, இரண்டு மாத்திரையில் பிரஷர் கட்டுக்குள் இருந்து, கிரியேட்டினினும் அசையாமல் இருப்பவருக்கு ஸ்டென்ட் வைப்பது தவறு என்றே நானும் சொல்வேன்.

ஆனால் அஸ்ட்ரலில் யாரைச் சேர்த்தார்கள்? "ஸ்டென்ட்டால் பயன் உண்டா என்று உறுதியாகத் தெரியவில்லை" என்று மருத்துவர் நினைத்தவர்களை. நிச்சயம் தேவை என்று தோன்றியவர்கள் ஆய்வுக்குள் வரவே இல்லை. அவர்களிலும் 70 சதவீதத்துக்கு மேல் சுருக்கம் இருந்தவர்கள் சுமார் 59 சதவீதம்தான். கோரலில் கிரியேட்டினின் 4க்கு மேல் இருந்தவர்கள் இல்லை, 7 செ.மீ.க்குக் குறைந்த சிறுநீரகம் இல்லை, தசைநார்ச் சுருக்கம் (கொழுப்பு படியாமல் தமனிச் சுவரே மாறிச் சுருங்கும் நோய்) உள்ளவர்களும் இல்லை. ஆய்வில் இல்லாதவருக்கு ஆய்வின் முடிவைப் பொருத்துவது எப்படி?

நெஞ்சில் திடீரென நீர் கோத்து மூச்சு முட்டி வருகிறவர் இருக்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு 220/120 பிரஷரோடு, நுரை தள்ளிக்கொண்டு 108இல் வருவார். எக்கோ எடுத்தால் இதயத் துடிப்புத்திறன் 60 சதவீதம், நன்றாகவே இருக்கும். இதயம் நன்றாக இருந்தும் இப்படித் திரும்பத் திரும்ப வந்தால் இரண்டு சிறுநீரகத் தமனிகளையும் பார்த்தே ஆக வேண்டும். 1988இல் பிக்கரிங் குழு விவரித்த நோய்க்கூறு இது. இவருக்கு மாத்திரையோடு மட்டும் நிறுத்திக்கொள்ள என்னால் முடியாது.

அடுத்தது, சிறுநீரில் உப்பு வெளியேற்றும் மாத்திரை உட்பட மூன்றுக்கு மேல் முழு அளவில் கொடுத்தும் இறங்காத பிரஷர். அடுத்தது, இரு பக்கமும் சுருங்கி அல்லது ஒற்றைச் சிறுநீரகத்துக்குப் போகும் தமனி சுருங்கி, சில மாதங்களில் கிரியேட்டினின் மளமளவென ஏறுபவர். நம் நோயாளி இந்த இரண்டுக்கும் அருகில் நிற்கிறார்.

#8 மாத்திரைபோதும்

ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. "மாத்திரைக்கு இறங்காத பிரஷர்" என்று எழுதும் முன் மாத்திரை உள்ளே போகிறதா என்று பார்த்தாக வேண்டும். காலி அட்டையைக் கொண்டுவரச் சொல்லி எண்ணுங்கள்.

#9 ஊத்தங்கரை_செவிலி

அதுக்கு ஒரு வழி நம்ம கையிலயே இருக்குங்க சார். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கினதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலதான். வீட்டுக்கே வந்து மாத்திரை குடுத்து பிரஷர் பார்க்கறாங்க. அந்த அட்டையை வாங்கிப் பார்த்தா மாசாமாசம் என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சிடும்.

பிரஷர் பார்க்கறதுலயும் தப்பு நடக்குது. தடிச்ச கைக்குச் சின்ன பட்டை கட்டினா 10, 15 கூடக் காட்டும். அஞ்சு நிமிஷம் உட்கார வெச்சு, முதுகு சாய்ஞ்சு, பாதம் தரையில படணும், கை நெஞ்சு மட்டத்துல இருக்கணும். முதல் தடவை ரெண்டு கையிலயும் பாருங்க. கூட இருக்கற கையையே அடுத்த தடவையும் வெச்சுக்கங்க. ரெண்டு கைக்கும் 20 புள்ளி வித்தியாசம்னா கைக்குப் போற தமனியிலயும் அடைப்பு இருக்கலாம், டாக்டர்கிட்ட சொல்லணும்.

இன்னொண்ணு. "கிட்னியில ஸ்டென்ட் வெச்சிருக்கு"ன்னு நம்ம பக்கம் சொன்னா பாதிக்கு மேல கல்லுக்கு வெச்ச டிஜே ஸ்டென்ட்டாத்தான் இருக்கும். அது சிறுநீர் குழாய்க்குள்ள இருக்கற பிளாஸ்டிக் குழாய். டாக்டர் குறிச்ச தேதியில, பெரும்பாலும் சில வாரத்துல, எடுத்தே ஆகணும். விட்டா அதுமேலயே கல் படியும். இங்க பேசறது ரத்தக் குழாய்க்குள்ள வைக்கற உலோக வலை, அதை எடுக்கறதே இல்லை. ரெண்டையும் குழப்பிக்கிட்டு, எடுக்க வேண்டியதை மறந்தவங்களும் உண்டு, "எப்ப எடுப்பீங்க"ன்னு பயந்துகிட்டு இருக்கறவங்களும் உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டுல எந்தக் குழாய்னு தமிழ்லயே எழுதிக் குடுங்க.

#10 பென்னாகரம்_பொதுமருத்துவம்

நல்ல குறிப்பு சிஸ்டர். நெஃப்ரான் சார், இடது சிறுநீரகம் 8.4தான். திறந்தாலும் பயன்படுமா?

#11 நெஃப்ரான்

7 செ.மீ.க்குக் கீழே போனதைத் திறந்து பெரிய பயன் இல்லை. 8க்கு மேல் இருந்து, புறணி (சிறுநீரகத்தின் வெளிப்பகுதி) மெலியாமல் இருந்தால் முயலலாம். ரெசிஸ்டிவ் இண்டெக்ஸ் 0.8ஐத் தாண்டினால் உள்ளே இருக்கும் சிறுகுழாய்களே கெட்டிப்பட்டுவிட்டன, வாசலைத் திறந்து லாபம் குறைவு. ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து யாரையும் தள்ளிவிடாதீர்கள். சிறுநீரில் புரதமும் பாருங்கள். நாளுக்கு 1 கிராமுக்கு மேல் போனால் சர்க்கரையே வடிகட்டியைத் தின்றிருக்கிறது என்று பொருள். கிரியேட்டினின் எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது என்பதும் கணக்கு. ஆறு மாதத்தில் ஏறியது திரும்ப வாய்ப்புண்டு. ஆறு வருடமாக 2.5லேயே நிற்பது திரும்பாது.

#12 கேத்லேப்_கிருஷ்ணகிரி

செய்முறையை எழுதறேன். அனுப்பற டாக்டருக்கு உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா, முன்னாடி பின்னாடி பார்த்துக்கறது சுலபம்.

முன்னேற்பாடு: நார்மல் சலைன் மணிக்கு கிலோவுக்கு 1 மில்லி, முன்னாடி 12 மணி நேரம், பின்னாடி 12 மணி நேரம். 52 கிலோவுக்கு ஒவ்வொரு தடவையும் 620 மில்லி சொச்சம். நுரையீரல்ல நீர் கோக்கற ஆளுக்குப் பாதி வேகம்தான், இல்லைன்னா நாமளே மூச்சு முட்ட வெச்சிடுவோம். ஆஸ்பிரின் ஏற்கனவே போயிட்டிருக்கணும், குளோபிடோக்ரல் 300 முந்தின நாளே. மெட்ஃபார்மின் நிறுத்தி, 48 மணி நேரம் கழிச்சு கிரியேட்டினின் பார்த்துட்டுத் தொடங்கணும்.

தொடை இடுக்கு வழியாவோ மணிக்கட்டு வழியாவோ 6 பிரெஞ்ச் அளவு ஷீத், அதாவது கதீட்டர்ங்கற மெல்லிய குழாய் நுழையற உறை. ரத்தம் உறையாம இருக்க ஹெபாரின் கிலோவுக்கு 70 யூனிட்னா இவங்களுக்கு 3,600 அளவு; ஏசிடி (ரத்தம் உறைய ஆகற நேரம்) 250 நொடிக்கு மேல இருக்கணும்.

இப்பதான் முக்கியமான இடம். வயசானவங்க மகாதமனிச் சுவர் கொழுப்பும் சுண்ணாம்புமா உதிர்ற நிலையில இருக்கும், காரை பெயர்ந்த பழைய சுவர் மாதிரி. கதீட்டர் முனை அதை உரசினா துகள் உதிர்ந்து கீழ போய் சிறுநீரகத்தையும் கால் விரலையும் அடைக்கும். அதனால "தொடாத முறை"ன்னு ஒண்ணு. 0.035 அங்குல ஜே வயரை (முனை வளைஞ்ச கம்பி) மகாதமனியில மேல நிறுத்திடணும். கதீட்டர் அந்த வயர் மேலயே நிக்கும். வயர் அதைச் சுவர்லேர்ந்து தள்ளிப் பிடிச்சுக்கும். முனை வாசலுக்கு நேரா வந்ததும், எக்ஸ்ரேயில தெரியற சாயத்தைக் கொஞ்சம் விட்டு உறுதி பண்ணி, பக்கத்துலயே 0.014 மெல்லிய வயரைச் சுருக்கத்துக்குள்ள விடணும். அது உள்ள போய் உட்கார்ந்த பிறகுதான் பெரிய வயரை எடுக்கணும். அப்ப கதீட்டர் தானா வாசல்ல போய்ச் சேரும்.

படம் எடுக்கற கோணம் இடப்பக்கம் 15 டிகிரி சாய்வு. நேரா எடுத்தா மகாதமனி நிழல் வாசலை மறைச்சிடும், ஸ்டென்ட் ரெண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போய் உட்காரும்.

கண்ணுக்கு 60 சதவீதம்னு தோணறதுக்கெல்லாம் ஸ்டென்ட் இல்லைங்க. 50லேர்ந்து 70க்குள்ள இருந்தா அழுத்தம் அளக்கணும். சுருக்கத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் மேல் அழுத்தத்துல 20 புள்ளி வித்தியாசம், இல்ல சராசரியில 10 புள்ளி இருந்தாத்தான் அது வேலையைக் கெடுக்கற சுருக்கம். பிரஷர் வயர் இருந்தா, சுருக்கத்துக்குப் பின்னாடி இருக்கற அழுத்தத்தை முன்னாடி இருக்கறதால வகுத்த விகிதம் 0.9க்குக் கீழ. வித்தியாசமே இல்லைன்னா சாமானைச் சுருட்டிக்கிட்டு வெளிய வர்றதுதான் நல்ல வேலை.

4 மில்லிமீட்டர் பலூனால முதல்ல திறந்து, அப்புறம் பலூன்மேல ஏத்தின ஸ்டென்ட். பெரும்பாலும் 5லேர்ந்து 7 மில்லிமீட்டர் அகலம், 12லேர்ந்து 18 மில்லிமீட்டர் நீளம். தானா விரியற ஸ்டென்ட் இந்த வாசலுக்கு ஆகாது, அழுத்திப் பிடிக்கற வலு பத்தாது, துல்லியமாவும் உட்காராது. வாசல்ல இருக்கற சுருக்கத்துக்கு 1, 2 மில்லி மகாதமனிக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கணும். உள்ள தள்ளி வெச்சா வாசல் ஸ்டென்ட்டுக்கு வெளிய விடுபட்டு மறுபடி சுருங்கும். அதிகமா நீட்டினா பின்னாடி கதீட்டர் நுழைக்கவே முடியாது.

அளவு எடுக்கறதுல ஒரு பொறி இருக்கு. சுருக்கத்துக்கு அடுத்தாப்புல தமனி பானை வயிறு மாதிரி உப்பியிருக்கும். அதை அளந்து 7 போட்டா கிழியும். உப்பல் தாண்டி நேரான பகுதியை அளக்கணும். பலூனை மெதுவா ஏத்தணும், நோயாளி முழிச்சிருக்கணும், விலாவுல வலிக்குதான்னு கேட்டுக்கிட்டே இருக்கணும். வலின்னா சுவரோட வெளிப்படலம் இழுபடுதுன்னு அர்த்தம்; அங்கயே நிறுத்திடணும். மயக்க மருந்து அதிகமா குடுத்துட்டா இந்த எச்சரிக்கை நமக்குக் கிடைக்காது.

சாயம்: ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் நிமிஷத்துக்கு வடிகட்டற அளவு) எவ்வளவோ அத்தனை மில்லிக்குள்ள முடிச்சா நல்லது, ரெண்டு மடங்கைத் தாண்டவே கூடாது. சலைன் பாதிக்குப் பாதி கலந்து குடுத்தாலும் படம் தெரியும்.

#13 பென்னாகரம்_பொதுமருத்துவம்

மணிக்கட்டு வழி நல்லதா அண்ணா?

#14 கேத்லேப்_கிருஷ்ணகிரி

சிறுநீரகத் தமனி பலருக்குக் கீழ்நோக்கிச் சரிஞ்சு கிளம்பும். மேலேர்ந்து வந்தா நேரா நுழையும், கீழேர்ந்து வந்தா வளைஞ்சு ஏறி இறங்கணும். ரத்தக்கசிவும் குறைவு, நோயாளி உடனே உட்காரலாம். ஆனா நீளமான சாமான் வேணும். ஆறடி ஆளுக்கு எட்டாமப் போகலாம். இடது மணிக்கட்டு கொஞ்சம் கிட்ட.

#15 நெஃப்ரான்

பிறகு நடக்கக்கூடியவற்றைச் சேர்த்துவிடுகிறேன். வார்டில் தவறவிடப்படுவது இவைதான்.

முதல் ஆறு மணி நேரத்தில் முதுகுவலி, நாடி ஏறுகிறது, பிரஷர் இறங்குகிறது: தொடை இடுக்கு வீங்காமலே வயிற்றின் பின்புறம் ரத்தம் கசியலாம். "ஸ்டென்ட் வேலை செய்து பிரஷர் இறங்குகிறது" என்று மகிழ்ந்துவிடாதீர்கள். ஹீமோகுளோபின் பார்த்து, சாயமில்லாத சிடி எடுங்கள். விலாப்பக்கம் மட்டும் வலித்தால் மெல்லிய வயரின் முனை சிறுநீரகத்தைத் துளைத்துச் சுற்றிலும் ரத்தம் கட்டியிருக்கலாம். அதனால்தான் வழவழப்பு பூசிய வயரை உள்ளே விட்டுவிட்டு முனையைக் கவனிக்காமல் இருக்கக்கூடாது.

பிரஷர் உண்மையிலேயே சடாரென இறங்குவதும் உண்டு. காலையில் பழைய மாத்திரைகளை எல்லாம் வழக்கம்போல் கொடுத்துவிட்டால் 80க்குப் போய்விடும். முதல் நாள் அளந்து அளந்து கொடுங்கள்.

கிரியேட்டினின் இரண்டு மூன்று நாளில் ஏறி ஒரு வாரத்தில் இறங்கினால் சாயத்தின் வேலை. இரண்டு மூன்று வாரம் கழித்தும் படிப்படியாக ஏறிக்கொண்டே போனால் கொழுப்புத் துகள் தெறித்திருக்கிறது. கால் விரல்கள் நீலமாகும், தொடையில் வலைப்பின்னல் போல் நிறம் மாறும், ரத்தத்தில் ஈசினோஃபில் (ஒரு வகை வெள்ளையணு) கூடும். பாதத்தில் நாடி நன்றாகக் கிடைக்கும், விரல் மட்டும் கறுக்கும். நாடி இருக்கிறதே என்று சேற்றுப்புண் களிம்பு எழுதி அனுப்பிவிடக்கூடாது.

#16 அரூர்_மருந்தாளுநர்

மருந்து பக்கம் நான் சொல்றேன் சார். ஆஸ்பிரின் 75 ஆயுசுக்கும், குளோபிடோக்ரல் 75 வழக்கமா ஒண்ணுலேர்ந்து மூணு மாசம். வயித்துக்கு ஒமெப்ரசோல் குடுக்காதீங்க, அது குளோபிடோக்ரல் வேலையை மட்டுப்படுத்தும், பான்டோப்ரசோல் குடுங்க. அட்டோர்வாஸ்டாட்டின் நிறுத்தவே கூடாது. "ஸ்டென்ட் வெச்சாச்சே, கொழுப்பு மாத்திரை எதுக்கு"ன்னு கேக்கறவங்களுக்கு: ஒரு வாசலைத்தான் திறந்திருக்கு, மத்த குழாய் எல்லாம் அப்படியேதான் இருக்கு.

நம்ம தருமபுரி மாவட்டத்துக்குன்னு ஒரு ஆபத்து. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் போர் தண்ணியில ஃப்ளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்ததே அதுக்காகத்தான். பழைய தண்ணி குடிச்ச பெரியவங்களுக்கு முதுகு, முழங்கால் வலி தீரலை. டைக்குளோஃபெனாக், அசிக்குளோஃபெனாக் சீட்டே இல்லாம வாங்கிப் போடறாங்க. டெல்மிசார்ட்டான், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூணும் ஒண்ணு சேர்ந்தா சுருங்கின தமனி உள்ளவங்க கிட்னி சில நாள்லயே நின்னுடும். வலின்னா பாராசிட்டமால்தான். கடையில கேக்கறப்பவே "பிரஷர் மாத்திரை சாப்பிடறீங்களா"ன்னு ஒரு வார்த்தை கேட்டா போதும்ங்க. அதைக் கேக்காம அட்டையைக் கிழிச்சுக் குடுக்கற கடைகளைப் பார்த்தா மனசு பதறுது.

இன்னொண்ணு "பிரஷர்காரங்களுக்கான உப்பு"ன்னு விக்கறது. சோடியத்தைக் குறைச்சு அதுல பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருக்கும். 5.6 பொட்டாசியத்துக்கு அது விஷம். சாதா உப்பையே குறைச்சுப் போடுங்க, நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள்ள. ஊறுகா, அப்பளம், கருவாடு அந்தக் கணக்குல சேர்த்தி. இளநீர் வேண்டாம். மாம்பழ சீசன்ல காவேரிப்பட்டினம் பக்கத்துல சாப்பிடாதேன்னு சொல்ல முடியாது. பொட்டாசியம் 5க்குக் கீழ வந்த பிறகு ரெண்டு துண்டு.

#17 சூளகிரி_வாசகர்

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும் டாக்டர். 24 வயசுப் பொண்ணுக்கு 180/110 பிரஷர், கிட்னி ரத்தக் குழாய் சுருக்கம்னு சொல்லியிருக்காங்க. இதே ஸ்டென்ட்தானா?

#18 நெஃப்ரான்

இல்லைங்க, அது வேறு நோய். அந்த வயதில் கொழுப்பு அடைப்பு மிக அரிது. இரண்டு காரணம் பார்க்க வேண்டும். ஒன்று தசைநார்ச் சுருக்கம்: தமனியின் நடுப்பகுதியிலும் அதற்கு அப்பாலும் மணிமாலை போல் தெரியும். இதற்கு வெறும் பலூன் போதும், பலருக்கு நல்ல பலன் கிடைக்கும். ஸ்டென்ட் வைப்பதில்லை, பலூனால் சுவர் பிளந்தால் மட்டும் வைக்கலாம்.

நம் நாட்டில் இளம்பெண்களிடம் மறக்கக்கூடாத இரண்டாவது, தகயாசு தமனி அழற்சி. இரண்டு கையிலும் நாடியும் பிரஷரும் ஒன்றா, கழுத்திலும் வயிற்றிலும் ஸ்டெத் வைத்தால் இரைச்சல் கேட்கிறதா, அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகள் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். அழற்சி கனன்றுகொண்டிருக்கும்போது பலூன் வைத்தால் மறுபடி மூடிக்கொள்ளும். ஸ்டீராய்டு முதலிய மருந்தால் அதைத் தணித்த பிறகுதான் பலூன். அந்தச் சுவர் ரப்பர் போல் கெட்டியாக இருக்கும், அதிக அழுத்தமோ வெட்டும் பலூனோ வேண்டியிருக்கும்.

இன்னொன்று கண்டிப்பாக: கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு இருந்தால் டெல்மிசார்ட்டான், எனலாப்ரில் கூடாது, குழந்தைக்கு ஆபத்து. வாதநோய் மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய நோய் இது. தள்ளிப்போடாதீர்கள்.

#19 பென்னாகரம்_பொதுமருத்துவம்

முடிவுகள் வந்துவிட்டன. காலி அட்டையை எண்ணியாயிற்று, மாத்திரை சரியாகத்தான் போகிறது. டெல்மிசார்ட்டான் நிறுத்தி எட்டாம் நாள் கிரியேட்டினின் 1.6, பொட்டாசியம் 4.7. சிறுநீரில் புரதம் நாளுக்கு 350 மில்லிகிராம். பக்கவாட்டில் படுக்கவைத்து எடுத்த டாப்ளரில் வலது தமனியின் தொடக்கத்தில் வேகம் 355, விகிதம் 4.7. பிரசோசின் சேர்த்தும் பிரஷர் 176/94.

#20 ஒசூர்_டாப்ளர்

வாசல்லயே இருந்திருக்குங்க. இடதை விட வலதுதான் இறுக்கம்.

#21 மாத்திரைபோதும்

இந்த நோயாளிக்கு என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். இரு பக்கச் சுருக்கம், மாத்திரைக்கு இறங்காத பிரஷர், கொடுக்க வேண்டிய மருந்தைக் கொடுக்க முடியாத நிலை. அனுப்புங்கள்.

#22 நெஃப்ரான்

முதலில் வலது. பெரிய சிறுநீரகம், இறுக்கமும் அதிகம், உழைக்கிறதைக் காப்பாற்றுவோம். ஈஜிஎஃப்ஆர் 35 அளவில் இருக்கிறது, சாயம் 35 மில்லிக்குள் முடிக்கச் சொல்லிக் கடிதத்திலேயே எழுதுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்பவர்கள் உண்டு. இவருக்கு வலதை முடித்து, இரண்டு வாரம் கிரியேட்டினின் பார்த்த பிறகு இடது என்பதுதான் என் கருத்து.

கடிதத்தோடு இரண்டு டாப்ளர் படங்களும் போக வேண்டும், தாள் மட்டும் போதாது. முதல்வரின் காப்பீட்டு அட்டை இருந்தால் நேரே சேலத்துக்கு வண்டி ஏற்றும் முன், போகும் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்கு முன்அனுமதி கிடைக்குமா என்று காப்பீட்டு மேசையில் கேட்டு உறுதி செய்யுங்கள். 2017இல் வந்த விலை உச்சவரம்பு இதயத் தமனி ஸ்டென்ட்டுக்கானது. அதை வைத்து இந்தச் செலவைக் கணக்குப் போட வேண்டாம்.

#23 ஒசூர்_டாப்ளர்

ஸ்டென்ட் வெச்ச ஒரு மாசத்துக்குள்ள ஒரு டாப்ளர் எடுத்து வெச்சிடுங்க, அதுதான் அடிப்படை. அப்புறம் 6 மாசம், 12 மாசம், பிறகு வருஷத்துக்கு ஒண்ணு. ஸ்டென்ட் வெச்ச குழாய் கெட்டியா இருக்கறதால வேகம் இயல்பாவே கூடக் காட்டும். 250ன்னு வந்ததும் மறுபடி அடைச்சிடுச்சுன்னு பதறாதீங்க. 395ஐத் தாண்டினா 70 சதவீதச் சுருக்கம்னு சந்தேகப்படலாம். முதல் படத்தோட ஒப்பிடறதுதான் முக்கியம். 5 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குறைஞ்ச ஸ்டென்ட் சீக்கிரம் சுருங்கும், அளவைச் சீட்டுல எழுதி வாங்கிடுங்க.

#24 பென்னாகரம்_பொதுமருத்துவம்

எழுதிக்கொள்கிறேன். டெல்மிசார்ட்டான் எப்போது திரும்ப ஆரம்பிக்கலாம் சார்?

#25 நெஃப்ரான்

இரண்டும் திறந்து, கிரியேட்டினின் ஒரு வாரம் அசையாமல் நின்ற பிறகு. 20 மில்லிகிராமில் தொடங்குங்கள். ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் கிரியேட்டினின், பொட்டாசியம். 30 சதவீதத்துக்குள் நின்றால் 40க்கு ஏற்றலாம். தாவினால் மருந்தைக் குறை சொல்லும் முன் ஸ்டென்ட்டை டாப்ளரில் பாருங்கள்.

#26 ஊத்தங்கரை_செவிலி

அந்தப் பத்தாம் நாள் ரத்தப் பரிசோதனைக்குத்தான் யாரும் வர்றதில்லைங்க சார். தேதியை மாத்திரை அட்டை மேலயே பேனாவால எழுதிடுங்க. வீட்டுக்குப் போற சிஸ்டர் கண்ணுல படும்.